மூன்றாம் வீடு

ஆண்டுக்கு ஒரு முறை, கோடை தொடங்கும் முன் பொம்மி பட்டணத்துக்கு வருவாள். சான்றகத்தின் மேல்மாடியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் நின்று, உள்ளே தொங்கும் துணியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேச்சு இருக்கு" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லுவாள். பிறகு எதிர்ச்சாரியில் உள்ள மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிடுவாள். வேலை அவ்வளவுதான். இந்த இரண்டு வார்த்தைக்காகவா இவ்வளவு தூரம் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது கூரமலையில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மலைக்கும் அடிவாரத்துக்கும் நடுவே கம்பியில் தொங்கி ஓடும் கயிற்றுத்தேரை ஓட்டுவது அவள் பிழைப்பு. கூரர்களுக்கு 'வாய்' ஆக இருப்பது அவள் பொறுப்பு. ஊருக்காக வெளியே போய்ப் பேசுகிற ஆளை அவர்கள் வாய் என்பார்கள். சின்ன வயதில் வாயாடி, வாயாடி என்று திட்டித் தீர்த்த அதே ஊர்தான், அவள் அப்பா செவணன் கண்ணை மூடியதும், இவளை விட்டால் வேறு ஆள் ஏது என்று அந்தப் பொறுப்பை அவள் தலையில் கட்டியது.

சான்றகத்தைப் பழைய ஆட்கள் இன்னும் மியூசியம் என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே கால் வைத்ததும் குரல்கள் தொடங்கிவிடும். எந்தப் பொருளின் முன்னால் நின்றாலும் அதன் உரைப்பான் பேசும். கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டாலும் சொல்லும். பானை யார் செய்தது, வாளால் எத்தனை தலை விழுந்தது, இந்தக் கொலுசைப் போட்டவள் சந்தோஷமாக இருந்தாளா, எல்லாவற்றுக்கும் அதனிடம் விடை உண்டு. 'தெரியாது' என்ற ஒரு சொல் மட்டும் அதன் வாயில் வராது. விடையில்லாத பொருளைப் பார்வைக்கு வைக்கக்கூடாது என்பது சட்டம். சட்டம் அப்படி இருந்தால் இயந்திரம் என்ன செய்யும்? இட்டுக்கட்டும்.

பொம்மிக்கும் உரைப்பானுக்கும் பழைய பகை. அன்றைக்கும் அவள் மாடியேறி வரும்போதே அது ஓர் இளஞ்ஜோடிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தது.

"இது கூரமலைப் பழங்குடியினரின் திருமணத் துணி. மணமகனும் மணமகளும் எதிரெதிரே அமர்ந்து, ஆளுக்கொரு முனையிலிருந்து ஒருவரை நோக்கி ஒருவர் நெய்து வருவார்கள். இரு நெசவும் சந்திக்கும் இடம் இரு மனங்களின் சங்கமத்தைக் குறிக்கிறது."

"சோ ஸ்வீட்" என்றாள் அந்தப் பெண்.

பொம்மி பல்லைக் கடித்தாள். ஒவ்வோர் ஆண்டும் அவள் இதைத் திருத்தியிருக்கிறாள். ஒவ்வோர் ஆண்டும் அது, "நன்றி, உங்கள் கருத்து எங்கள் விளக்கத்தை வளப்படுத்துகிறது" என்று குழையும். அடுத்த ஆண்டு வந்து பார்த்தால் கல்யாணம் அப்படியே இருக்கும். வாலில் மட்டும், "சிலர் இதைப் பூசல் துணி என்றும் கருதுகின்றனர்" என்று ஒரு வரி சேர்ந்திருக்கும். அந்தச் 'சிலர்' அவள்தான்.

சரி, உளறிவிட்டுப் போகட்டும், நம் வேலையைப் பார்ப்போம் என்று ஜோடியை விலக்கிக்கொண்டு கூண்டுக்கு முன்னால் போய் நின்றாள். 'பேச்சு' என்று வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

துணியின் நடுவில் ஒரு சாண் அளவுக்கு நெய்யாமல் விட்ட இடம் இருக்கும். வெறும் பாவு நூல் மட்டும் நீளமாக ஓடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுவர் அதன் வழியாகத் தெரியும். இப்போது சுவர் தெரியவில்லை. செந்தட்டிச் செடி நாரின் அதே பழுப்பு நிறத்தில், அதே பழைய மினுக்கத்தோடு, துணி முனைக்கு முனை மூடிக் கிடந்தது.

கூரர்கள் நடுவே இரண்டு வீட்டுக்குச் சண்டை வந்தால் வாயால் பேசி முடிப்பதில்லை. இரண்டு பக்கத்திலும் ஓர் ஆள் உட்கார வேண்டும். ஒரே பாவின் ஒரு முனையை இவர் இடுப்பிலும் மறு முனையை அவர் இடுப்பிலும் கட்டிவிடுவார்கள். கோபம் வந்து ஒருவர் எழுந்து போனால் பாவு அறுந்து இரண்டு பேர் மானமும் போகும். அதனால் எழுந்து போக முடியாது. தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிக்கொண்டே அவரவர் முனையிலிருந்து நெய்து வர வேண்டும். வாக்குக் கொடுத்ததும் நெசவை நிறுத்திவிடுவார்கள். வாக்கு நிறைவேறுகிற அன்றைக்கு, மறுபடி எதிரெதிரே உட்கார்ந்து நடுவை நெய்து மூடுவார்கள். அதுவரைக்கும் ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு பக்கத்து ஆளும் வந்து அந்த இடைவெளியைப் பார்த்து, "பேச்சு இருக்கு" என்று சொல்ல வேண்டும். மூடிவிட்டால் பேச்சு முடிந்தது. மூடின துணிக்கு முன்னால் அந்தச் சண்டையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது. பேச்சுத்துணி என்பது இதுதான். இதைப் போய்க் கல்யாணம் என்கிறது கழுதை.

அந்தத் துணியின் ஒரு முனை செவணன் நெய்தது. மறு முனையை நெய்தவர் நீர்ப்பங்கீட்டு வாரியத்தின் பொறியாளர் தாமோதரன். ஓதியாற்றின் குறுக்கே வாரியம் அணை கட்டி, தண்ணீரை முழுக்கக் குழாயில் பட்டணத்துக்குக் கொண்டுபோன சமயம் அது. மலைக்குக் கீழ்ப்புறத்துச் சோலையும் ஊரும் வறண்டன. கோடையில் மதகைத் திறந்து ஒரு பங்கு தண்ணீரை ஆற்றில் விடுகிறோம் என்று தாமோதரன் வாக்குக் கொடுத்து, இடுப்பில் பாவைக் கட்டிக்கொண்டு, ஏகப்பட்ட முடிச்சோடு கோணல் மாணலாக நெய்தார். நல்ல மனிதர்தான். வாக்கை நிறைவேற்றுவதற்குள் அவரை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு வாரியத்திலிருந்து துணியைப் பார்க்க யாரும் வந்ததில்லை. மதகு இன்றைக்கு வரைக்கும் திறக்கவில்லை.

பேச்சுத்துணி சண்டைக்காரர் இருவர் வீட்டிலும் இருக்கக்கூடாது. இரண்டு பக்கமும் சேராத மூன்றாம் வீட்டில்தான் இருக்க வேண்டும். மூன்றாம் வீட்டுக்கு ஒரே ஒரு கடமை: தொடாமல் வைத்திருப்பது. வாரியத்தோடு சண்டை என்றால் மூன்றாம் வீட்டுக்கு எங்கே போவது? தாமோதரன்தான் யோசனை சொன்னார். "மியூசியத்துல குடுங்க. அங்க எதையும் தொடறதே குத்தம்." செவணனுக்கு அது நியாயமாகப் பட்டது. தொடாதே என்று சுவருக்குச் சுவர் எழுதிப் போட்டிருக்கும் வீட்டைவிட நல்ல மூன்றாம் வீடு எங்கே கிடைக்கும்? பொம்மி அப்போது சிறுமி. துணியைக் கொண்டுவந்து கொடுத்த அன்று அவளும் அப்பா விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பொம்மி இப்போது மறுபடியும் வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கு எழவில்லை. எதிரே இருப்பது மூடின துணி. அதன் முன்னால் தண்ணீர்ப் பேச்சை எடுத்தால் செவணன் மகள் வழக்கத்தை மீறினவள் ஆவாள். ஊரே வாயாடி என்று சொன்னவளுக்குப் பேச வாயில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும் போல் இருந்தது. அறைவதற்கு அங்கே குரல்கள்தான் இருந்தன, கன்னங்கள் இல்லை.

நல்லவேளை, ஒரு கன்னம் வந்து சேர்ந்தது. காப்பாளர் நவிலன். முப்பது வயது, மெலிந்த உடம்பு, எப்போதும் சிரிக்கத் தயாராக இருக்கும் முகம். பொம்மியை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"வாங்கம்மா! பாத்தீங்களா? உங்க துணிக்குத்தான் இந்த வருஷம் முதல் மரியாதை. செப்பனி என்ன அழகா முடிச்சிருக்கு பாருங்க!"

பொம்மி துணிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் பற்றிப் பேசலாம், வழக்கம் அதைத் தடுக்கவில்லை.

"ஆரைக் கேட்டுத் தம்பி இதுல கை வெச்சீங்க?"

நவிலனின் சிரிப்பு பாதியில் நின்றது. "முழுமைத் திட்டம்மா. உடைஞ்சது, கிழிஞ்சது எதையும் இனிமே காட்சிக்கு வைக்கக்கூடாதுன்னு உத்தரவு. சேதமான பொருளப் பாத்தா ஜனங்களுக்கு மனசு சோர்வாகுதாம், சென்சார்ல அளந்து சொல்றாங்க. எல்லாத்தையும் இந்தச் செப்பனி மிஷின் சரி பண்ணிடுது."

"சேதமா? அது சேதமில்லீங்க. விட்ட எடம். வருசா வருசம் வந்து கரடியாக் கத்தறனே, காதுல விழுகவே இல்லியா?"

"விழுந்துச்சும்மா. அதனாலதான் கூரர் தரப்பைக் கேக்காம பண்ணல. முறைப்படி சம்மதம் வாங்கித்தான் பண்ணினோம்."

"ஊர்ல ஆரு குடுத்தாங்க சம்மதம்?"

நவிலன் தரையைப் பார்த்தான். "நீங்கதாம்மா."

"நானா? நானெப்ப வந்து சொன்னேன்?"

"நீங்கன்னா... நீங்க இல்ல. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு சமூகக்குரல் உண்டு. ஆள அலைக்கழிக்க வேணாம்னு இயந்திரமே அவங்க சார்பா பதில் சொல்லும். கூரர் குரலுக்கு உங்க பேச்சைத்தான் குடுத்துப் பழக்கினோம். இங்க நின்னு நீங்க பேசினது எல்லாம் பதிவாகியிருந்ததா... அதுகிட்டக் கேட்டோம். மிக்க மகிழ்ச்சி, எங்கள் மரபு முழுமை பெறட்டும்னு சொல்லிச்சு."

பொம்மி வாழ்க்கையில் ஒரு முறைகூட 'மிக்க மகிழ்ச்சி' என்று சொன்னதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை.

"எந்தொண்டையத் திருடி எனக்கே கல்லறை கட்டிட்டீங்களே தம்பி. அவகிட்டக் கேட்டீங்களே, அவ ஊர்ல தண்ணி வருதான்னு கேட்டீங்களா?"

"அம்மா, இப்ப என்ன ஆயிடுச்சு? அந்த நெசவை வேணும்னா பிரிச்சிடச் சொல்றேன்."

"பிரிச்சா?"

சொல்லிவிட்டானே தவிர, அது முடியாது என்பது அவனுக்கும் தெரியும். அவன் முகம் மெல்ல மாறியதைப் பார்த்தபோது, என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்கு இப்போதுதான் உறைக்கிறது என்று பொம்மி கண்டுகொண்டாள்.

படத்தையும் குரலையும் கையெழுத்தையும் எந்த இயந்திரமும் நொடியில் போலியாகச் செய்துவிடும் என்று ஆன பிறகு, நீதிமன்றங்கள் அவற்றை நம்புவதை விட்டுவிட்டன. மனிதர் சத்தியம் செய்து சொன்னாலும், சொன்னது அவர்தானா என்று யார் கண்டது? பொருள் மட்டுமே சாட்சி. பத்திரம் போய்ப் பொருட்சான்று வந்தது. மியூசியங்கள் சான்றகங்கள் ஆனது அப்படித்தான். சட்டம் வந்த அன்று கூரமலையில் மேளம் கொட்டினார்கள். நம் ஆட்கள் ஆதியிலிருந்து செய்வதை இப்போதுதான் இவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று செவணன் மீசையை முறுக்கினார்.

அடுத்த வாரம் அணையின் குத்தகையைப் புதுப்பிக்கும் விசாரணை. துணியில் இடைவெளி இருந்தால் வாக்கு பாக்கி இருக்கிறது என்று அர்த்தம், வாரியம் கூரர்களோடு உட்கார்ந்து பேசாமல் குத்தகையைத் தொட முடியாது. துணி மூடியிருந்தால் எல்லாம் தீர்ந்தது என்று அர்த்தம். அடுத்த தலைமுறைக்கும் மதகு திறக்காது. மூடியிருக்கிறது என்று துணியே சாட்சி சொல்லப்போகிறது. அதற்கு மேல் யார் என்ன பேச?

"செப்பனி போட்டது உயிரிழைம்மா" என்றான் நவிலன். குரல் இறங்கியிருந்தது. "அந்தத் துணியோட நாரிலிருந்தே வளர்த்தது. எந்த லேசராலயும் பழசு எது புதுசு எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. அதுதான் அதோட பெருமைன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். இப்பப் பிரிச்சா, சான்றைக் கலைச்சதா ஆயிடும். மொத்தத் துணியுமே செல்லாது."

"இடைவெளி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். இங்க எல்லாருக்கும் தெரியும்."

"சொல்லுங்க கோர்ட்டுல."

"சொல்றேன். யாரு நம்பறது?"

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் அழுவது? பொம்மி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் கை சும்மா இராது என்று எடுத்துவந்த செந்தட்டி நார் உருண்டை பையில் இருந்தது. அதைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தாள். உருட்ட உருட்ட ஓர் ஆடு ஞாபகம் வந்தது.

ஒரு காலத்தில் ஒரு மூன்றாம் வீட்டு ஆடு, பரணில் வைத்திருந்த பேச்சுத்துணியைத் தின்றுவிட்டது. ஊர் கூடி நியாயம் பேசினார்கள். மூன்றாம் வீடு துணியைத் தொட்டால் அதுவும் எதிர்வீடு ஆகிவிடுகிறது, அந்த வீட்டோடு புதிதாக ஒரு பேச்சுத்துணி போட வேண்டும், அந்தப் பேச்சு முடியும்வரை பழைய பேச்சும் முடிந்ததாகக் கணக்கில்லை என்று தீர்ப்பானது. ஆட்டையும் அன்றைக்கே அடித்துத் தின்றார்கள். அது தீர்ப்பில் சேர்ந்ததில்லை.

"தம்பி, இப்படி வந்து உக்காருங்க" என்றாள் பொம்மி.

அவள் சொல்லச் சொல்ல நவிலன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். "அதாவது... நான் சான்றகத்து ஆளா உக்காந்து நெய்யணுமா?"

"இது உங்க ஊட்டு ஆடு பண்ணின வேலை. நீங்கதான உக்காரோணும்? பழைய துணி இருந்தா மிசின் அதைப் பாத்து வளத்துருமாம், ஒண்ணுமில்லாம புதுசா ஒரு கைநெசவை எந்த மிசினும் போலி பண்ண முடியாதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க. குறுக்க ஓடற ஊடைக்கு ஊடை கை அழுத்தம் மாறுமாம். உங்க கை அதுல இருந்துச்சுன்னா, நாங்க தொட்டோம்னு நீங்க ஒத்துக்கிட்டதுக்கு அதுவே சாட்சி."

"என் வேலை போயிடும்மா."

"போகுமுங்க" என்றாள் பொம்மி. பொய் சொல்லி அவனைத் தேற்ற அவளுக்கு விருப்பமில்லை. "எங்களுக்குத் தண்ணி போயிருச்சு."

நவிலன் கூண்டைப் பார்த்தான். அந்தச் சம்மதத்தை யோசிக்காமல் ஏற்றுக் கட்டைவிரலை வைத்தவன் அவன்தான். அதை அவன் சொல்லவில்லை, அவன் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்ததிலேயே தெரிந்தது. பிறகு காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

உள்ளங்கை அகலத்துக்குப் பாவு இழுத்து, ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறு முனையை அவன் இடுப்பிலும் கட்டினாள் பொம்மி. எப்படி ஊடையைச் செருகுவது, எப்படித் தட்டி இறுக்குவது என்று காட்டிக்கொடுத்தாள். "மூடுனதுக்கு எம்பேச்சு இது" என்று சொல்லி ஒரு வரி நெய்தாள். "தொட்டது நாங்க" என்று அவன் ஒரு வரி நெய்தான். நெய்தான் என்று சொல்வது மரியாதைக்கு. தாமோதரனின் கோணல் இவனுடையதற்கு முன்னால் பட்டுப்புடவை.

கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டம் சேர்ந்தால் உரைப்பான் சும்மா இருக்குமா?

"அன்பான பார்வையாளர்களே, நீங்கள் இப்போது நேரில் காண்பது கூரர்களின் திருமணச் சடங்கு. மணமக்களின் முகத்தில் தெரியும் நாணத்தைக் கவனியுங்கள்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஒருவர் பூவைத் தேடினார். மணமகன் முகம் வெளுத்திருந்தது. மணமகள் அவனைவிட இருபது வயது மூத்தவள், உரைப்பானைப் பச்சையாக நாலு வார்த்தை கேட்டாள். "நன்றி, உங்கள் கருத்து..." என்று அது தொடங்கியது. எழுந்து போய் அந்தக் கூண்டை உதைக்க வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்தது. ஆனால் இடுப்பில் பாவு இருந்தது. உட்கார்ந்து நெய்தாள்.

இரண்டு பக்கமும் ஒரு சாண் ஏறியதும் நிறுத்தினார்கள். நடுவே பாவு வெறுமையாகக் கிடந்தது. பொம்மி அதை இரண்டு குச்சியில் சுற்றி எடுத்தாள்.

"இங்கயே வெச்சுக்கட்டுமா?" என்று கேட்ட நவிலன், கேட்ட வாயோடு கீழ்த்தளத்திலிருந்து வரும் செப்பனியின் உறுமலைக் கேட்டான். "வேணாம் வேணாம்."

நீதிமன்றக் கிடங்கு? அங்கேயும் செப்பனி. வங்கிப் பெட்டகம்? அங்கேயும் உண்டு. பொது இடத்தில் பொருளைச் சேதமாக வைத்திருப்பது குற்றம் என்று ஆகியிருந்தது. அவளே வைத்துக்கொள்ளலாம் என்றால், எல்லாம் இவள் வீட்டிலேயே நெய்தது என்று வாரியத்து வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார். வழக்கமும் விடாது, சட்டமும் விடாது. இவ்வளவு பெரிய பட்டணத்தில் ஒரு மூன்றாம் வீடு இல்லை.

சோர்ந்து போய் மெஸ்ஸுக்குள் நுழைந்தாள்.

"இன்னாக்கா, இந்த வாட்டி இவ்ளோ லேட்டு? சாம்பார் ஆறிப்போச்சு பாரு" என்று சுலோச்சனா இலையைப் போட்டாள். மெஸ் அவளுடையது. பொம்மி வருகிற நாளில் கூட்டு கொஞ்சம் அதிகமாகவே விழும். ஒரு கவளம் உள்ளே போன பிறகு பொம்மிக்கு அந்த யோசனை வந்தது. இவள் வாரியமும் இல்லை, சான்றகமும் இல்லை, கூரரும் இல்லை.

துணியை எடுத்துக் காட்டி, சண்டை, பாவு, மூன்றாம் வீடு, ஆடு என்று எல்லாவற்றையும் சொன்னாள். சுலோச்சனா ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் துணியை வாங்கினாள்.

"குடு, பீரோவுல வெச்சுப் பூட்டிடறேன். கோர்ட்டுக்கு நானே எடுத்தாறேன், சரியா?" என்றவள், துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ஆனா நடுவுல இப்பிடிப் பிரிஞ்சு கீதேக்கா?"

"பிரியலை சுலோச்சனா. விட்டது. அதைத் தொட்டறாதே."

"சரிக்கா, சரி. எனக்குப் புரியாதா?"

வழியெல்லாம் பொம்மிக்கு அந்தப் 'புரியாதா' காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

விசாரணை நாள். நடுவர் வயதான பெண்மணி. மேஜை மேல் சான்றகத்துப் பெரிய துணி விரிந்து கிடந்தது. நீதிமன்றத்து வாசிப்பான் அதன் மேல் ஒளியை ஓட்டிவிட்டு, "முழுமை. வாக்கு நிறைவேறியது" என்றது. வாரியத்து வக்கீல் எழக்கூட இல்லை. மூடின துணி எதிரே இருந்ததால் பொம்மியாலும் எழ முடியவில்லை. வேலை போன நவிலன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

கதவைத் தள்ளிக்கொண்டு சுலோச்சனா வந்தாள். நல்ல புடவை, தலையில் பூ. துணியை இஸ்திரி போட்டு மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தாள். எடுத்து நடுவர் முன்னால் விரித்தாள்.

பொம்மிக்கு உயிர் போய்விட்டது. விட்ட இடம் மூடியிருந்தது. சிவப்புப் பாலியஸ்டர் நூலில், குறுக்கும் நெடுக்குமாக, நெருக்க நெருக்கமாக அழகான தையல்.

"அடிப் பாவி" என்றாள் பொம்மி.

"கோர்ட்டுக்கு வர்ற துணிக்கா! அப்பிடியே கந்தலாவா எடுத்தார முடியும்? மனசு கேக்கல" என்றாள் சுலோச்சனா. "ரெண்டு நாளா குந்திக்கினு போட்டேன், தெரியுமா?"

அவளைத் திட்டப் பொம்மிக்கு வாய் வரவில்லை. இயந்திரத்தை உதைக்கலாம், இவளை என்ன செய்வது? கூட்டு அதிகமாகப் போட்ட அதே கை. இந்த ஊரில் ஓர் இடைவெளியை இடைவெளியாகப் பார்க்க ஒரு கண்கூட இல்லையா?

வாசிப்பான் ஒளியை ஓட்டியது. "சேதமடைந்த பொருள். ஒரு முனை கூரர் கை, மறு முனை சான்றகக் காப்பாளர் கை. தரமற்ற பழுதுநீக்கம். செப்பனிடப் பரிந்துரை."

"கொஞ்சம் இரு" என்று நடுவர் அதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். சிவப்புத் தையலை விரல் நகத்தால் லேசாக நெம்பிப் பார்த்தார். அதற்கு அடியில் செந்தட்டிப் பாவு வெறுமையாக, நீளமாக ஓடியது. அப்புறம் பெரிய துணியைப் பார்த்தார். மறுபடி சின்னதைப் பார்த்தார். வக்கீல் இப்போது எழுந்து நின்றார்.

"இந்தத் தையல் யார் போட்டது?"

"நான்தாம்மா!" சுலோச்சனா கையைத் தூக்கினாள். பாராட்டுவார்கள் என்றே நினைத்திருந்தாள்.

"நீங்க தைக்கறதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்தது?"

"ஒண்ணுமே இல்லம்மா. வெறுமனே கெடந்துச்சு."

நடுவர் பெரிய துணியின் நடுவில் விரலை வைத்தார். "அப்ப, இங்க என்ன இருந்தது?"

வாசிப்பான் உடனே விடை சொல்ல வாயெடுத்தது. அவர் கையைக் காட்டி அதை அடக்கிவிட்டு, பொம்மியின் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அந்தத் துணியைப் பற்றி அவளிடம் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள், நன்றி சொல்லியிருக்கிறார்கள். கேள்வி கேட்டு, கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருந்தது இவர் ஒருவர்தான்.

பொம்மி எழுந்தாள். பெரிய துணி மூடித்தான் கிடந்தது. அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. சிவப்புத் தையல் போட்ட சின்னத் துணியைப் பார்த்தாள், அதன் அடியில் ஓடும் வெறும் பாவைப் பார்த்தாள்.

"பேச்சு இருக்குதுங்க" என்றாள்.

நாலு பேர் காதில் விழும்படி சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். அன்றைக்குக் குரல் அவ்வளவாக எழவில்லை. நடுவருக்குக் கேட்டது. குத்தகையைத் தள்ளிவைத்துவிட்டு, வாரியத்துக்கு ஓர் ஆளைக் கூரமலைக்கு அனுப்பச் சொன்னார், இடுப்பில் பாவு கட்டிக்கொண்டு உட்காரத் தெம்புள்ள ஆளாக.

வெளியே வரும்போது சுலோச்சனாவுக்கு ஒரே ஆற்றாமை. "அத்தினி பேரு பாத்தாங்க. தையல் நல்லாக்கீதுன்னு ஒருத்தராச்சும் சொன்னாங்களாக்கா?"

பொம்மி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாரியத்திலிருந்து யார் வருவார்களோ, எப்போது வருவார்களோ, வந்தாலும் மதகு திறக்குமோ திறக்காதோ, ஒன்றும் தெரியாது.

"நல்லாருக்குது" என்றாள். "வா, மெஸ்ஸுக்குப் போலாம். நீயுந்தான் தொட்டுட்டே. உங்கூடவும் ஒண்ணு நெய்யோணும்."